முகம் தேய்த்த பதக்கம்

பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு சாய்ந்திருந்தேன். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அன்றைக்குத் தெரு மணலையெல்லாம் வாரி வந்து என் வீட்டு விறாந்தையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பல்லில் மணல் நெறுநெறுத்தது.

கேற்றைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு அபாயாவின் கீழ்விளிம்பில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. அது கழன்றதே அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"பாமசி ஹாஜியார் நீங்கதானே?"

"ஓம். பாமசிய மூடி வருசக்கணக்காச்சு. மருந்து வேணுமெண்டா டவுணுக்குப் போங்க."

"மருந்து வேணாம். ஆதம்பாவா எண்டு ஒராளுக்கு நீங்க யாஸீன் ஓதினீங்களா?"

"ஓதினன். அதுக்கென்ன?"

"அதத் திருப்பி எடுங்க."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஊரறிந்த விசயம். "ஓதினதத் திருப்பி எடுக்க இது என்ன என்ட பாமசியில வாங்கின குளிசையா புள்ள? பில்லக் கொண்டு வந்தா மாத்திக் குடுக்க?" என்று கத்தினேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அழவுமில்லை. "என்ட மாப்பிள்ள கடலில ஹாஜியார்" என்று புருசனைச் சொன்னாள். "நீங்க ஓதின வியாழக்கிழமையோட அவர்ட போட்டிலயிருந்து வந்த ரேடியோக் கதை அறுந்து போச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி பல்கீஸ் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவள், என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அவளைக் கையில் பிடித்து இருத்தினாள்.

பதக்கப் பைத்தியம்

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் பாமசியை மூடிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓட்டமாவடியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பாமசிக்காரர் எப்படிப் பதக்கம் சேர்க்கப் போனார், அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மேலே நிற்கிற பெண்தான். அவளுடைய கதையைத் தொடாமல் அதைச் சொல்ல முடியாது. ஆனபடியால் இந்தக் கிழமை இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் எல்லாப் பதக்கமும் சேர்ப்பவன் இல்லை. வெள்ளைக்காரனுடைய யுத்தங்களில் கப்பலில் போய்த் திரும்பி வராதவர்களின் பதக்கம் மட்டும்தான். கரையேறியவனின் பதக்கத்தை யாராவது சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம். கப்பலோடு போனவனுக்கு ஊரில் கபுறுக் குழி இல்லை. மையத்தைக் குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை. அரசாங்கம் ஒரு சின்னப் பெட்டியில் வட்டமாக ஒரு வெள்ளியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியதோடு சரி. பழைய பெரிய யுத்தத்துப் பதக்கங்களில் அந்த வெள்ளியின் ஓரத்தைச் சுற்றி அவனுடைய பேரை வெட்டியிருப்பார்கள். ஓர் ஆளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஓரம் மட்டும்தான்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால், சுனாமியில் என் தம்பி ஜௌபர் போனான். சாய்ந்தமருதுக் கடற்கரையில் கருவாட்டு வாடி வைத்திருந்தவன். வாடி நின்ற இடத்தில் ஒரு கயிறு கிடந்தது, அவ்வளவுதான். கிழமைக்கணக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் துணிகளை விலக்கி முகம் முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை. அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போனால் எந்தப் பக்கம் திரும்பி நின்று அவனுக்கு ஸலாம் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வேதனை தாங்க முடியாத ஒரு நாளில்தான் நகைக்கடையொன்றில் முதற் பதக்கத்தைக் கண்டேன்.

நகைக்கடையில்தான் இவை கிடைக்கும். வீடு மாறும்போதும் பெட்டி ஒதுக்கும்போதும் ஆட்கள் இன்னதென்று தெரியாமல் பழைய கொலுசோடும் உடைந்த வெற்றிலைத் தட்டோடும் சேர்த்து உருக்கக் கொடுத்துவிடுவார்கள். கல்முனையில் நகைக்கடை வைத்திருக்கிற என் கூட்டாளி தவராசா, பாண்டிருப்புக்காரர், உருக்கமுன் எனக்காக ஒருமுறை கிளறிப் பார்ப்பார். கிடைத்தால், "ஹாஜியார், உங்கட ஆள் ஒராள் வந்திரிக்கார்" என்று போன் பண்ணுவார்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. பதக்கம் வீட்டுக்கு வந்த முதல் வியாழக்கிழமை, அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, அந்த ஆளின் பேர் சொல்லி, இறந்தவர்களுக்கு ஓதுகிற யாஸீனை ஓதுவேன். வேதக்கார ஆளென்றால் எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டையரான மாஸ்டரிடம் சொல்வேன், அவர் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். இந்து ஆளென்றால் தவராசாவிடம் பேரைக் கொடுப்பேன். ஆடி அமாவாசைக்குக் கடலில் இறங்கும்போது தன் தகப்பனோடு அந்த ஆளையும் நினைத்து முழுகிவிட்டு வருவார். "என்னய்யா, உங்கட ஆக்களாலேயே எனக்குச் சளி பிடிக்குது" என்று ஒவ்வொரு வருசமும் ஏசுவார். ஆனாலும் விட்டதில்லை.

"கபுறு இல்லாதவங்களுக்கெல்லாம் நம்மட ஊட்டுக்குள்ள கபுறு கட்டுறயள்" என்று பல்கீஸ் சொல்வாள். பகிடிக்குத்தான் சொல்வாள். அந்தப் பெண் வந்த வருசம் வரைக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

முகமில்லாத ராசா

அந்தப் பதக்கத்தைத் தவராசாவின் மேசையில் கண்டதும் கையிலெடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இந்த வகைப் பதக்கத்தில் ஒரு பக்கம் ராசாவின் தலை இருக்கும். மறுபக்கம் குதிரையில் ஓர் ஆள் இருப்பான். இதில் ராசாவுக்கு முகம் இல்லை. கல்லிலோ மணலிலோ வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கழுத்தும் தலையின் சுற்றுக்கோடும் இருந்தன, உள்ளே வழுவழுவென்று வெறுமை. மறுபக்கம் குதிரையும் ஆளும் அப்படியே அழிந்து போயிருந்தார்கள். குதிரையின் காலடியில் ஒரு சின்ன மண்டையோடு உண்டு. அதை மட்டும் இன்னதென்று விளங்காமல் விட்டுவிட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சங்கதி உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களின் வேலைதான் இது. உருவம் உள்ள வீட்டுக்கு வானவரான மலக்கு வராது என்று, வீட்டில் வைப்பதற்கு முன் முகங்களைத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். மேல் வளையத்தில் ஒரு துண்டு கறுப்புக் கயிறு. குழந்தைகளின் இடுப்பில் கட்டுகிற மாதிரிக் கயிறு. ஆனால் ஓரத்தில் பேர் அப்படியே இருந்தது. இஸ்மாலெவ்வை ஆதம்பாவா. வெள்ளைக்கார எழுத்தில்தான், ஆனாலும் அது எங்கள் கரைப் பேர். கப்பல் பதக்கங்களில் வழக்கமாகக் காணும் நாகூரானுமில்லை, மலாய்க்காரனுமில்லை.

"இதக் கொண்டு வந்தது ஆரு?" என்று கேட்டேன்.

"சாய்ந்தமருது ஆள்தான். தாடிக்காரத் தம்பி, மீன் போட்டுல கடலுக்குப் போறவர். காசும் எடுக்கல்ல. 'இத உருக்கிப் போடுங்க, ஒருத்தருக்கும் குடுக்காதீங்க' எண்டுட்டுப் போனவர்" என்றார் தவராசா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உருக்க எனக்கு மனம் வரல்ல. இது இஞ்ச இரிக்கிற நேரமெல்லாம் ஆரோ பின்னால நிக்கிற மாதிரிக் கிடக்கு. கொண்டு போங்க" என்றார்.

கொழும்பில் இருக்கும் என் மகளிடம் பேரைச் சொன்னேன். அவள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, சரக்குக் கப்பல் ஒன்றில் அடுப்புக்குக் கரி போடுகிற வேலை, கப்பலோடு போனவர், ஆள் கிடைக்கவில்லை என்றாள். எனக்கு அது போதும்.

வியாழக்கிழமை ஓதினேன். சாம்பிராணி போட்டிருந்தோம். கடைசியில் கையேந்தி, "இஸ்மாலெவ்வையின் மகன் ஆதம்பாவா" என்று பேரைச் சொன்னபோது பல்கீஸ் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மணம் இது?"

எனக்கும் வந்தது. சாம்பிராணி இல்லை. விறகுப் புகையுமில்லை. தடித்த, நாக்கில் கசக்கிற புகை. பல்கீஸ்தான் கண்டுபிடித்தாள். சின்ன வயதில் மட்டக்களப்பு ஸ்டேசனில் கரி ரயில் வந்து நின்றால் இந்த மணம்தான் வரும் என்றாள். எங்கள் ஊரில் ரயிலுமில்லை, நிலக்கரியுமில்லை. எங்கள் குசினியில் காஸ் அடுப்பு.

"ஆரும் டயர் எரிக்கிறாங்க" என்று சொல்லி ஜன்னலை அடித்துச் சாத்தினேன். சாத்திய பிறகு மணம் கூடிற்று.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மஃரிபுப் பாங்கு சொல்கிற நேரம், பின்பக்கக் குழாயடியில் ஒருவர் தொழுகைக்கு வுழூச் செய்கிற சத்தம் கேட்டது. கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குச் சீறி, ஆறுதலாக. நான் வழக்கம்போல, "பல்கீஸ், தண்ணிய வீணாக்காத" என்று சத்தம் போட்டேன். "நான் இஞ்சதானே இரிக்கன்" என்று எனக்குப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள். இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். குழாய் இறுக்கிப் பூட்டியிருந்தது. சீமெந்து நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டை ஏசிவிட்டு உள்ளே வந்தேன். ஆடு வாய் கொப்பளிக்காது என்று பல்கீஸ் சொல்லவில்லை. அவள் அப்படிச் சும்மா விடுகிற ஆளில்லை.

ஆனால் ஊரில் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. மணத்தையும் குழாயையும் மறைத்து, "எங்கட அவர் ஆதம்பாவா எண்டு கப்பலில போன ஒராளுக்கு ஓதினவர்" என்று மட்டும் ஒரு கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறாள். கலியாண வீட்டில் விட்ட கதை ஊரில் நிற்குமா? அப்படித்தான் ஒற்றைச் செருப்போடு நஸீரா எங்கள் விறாந்தைக்கு வந்தாள்.

நஸீரா சொன்னது

பல்கீஸ் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னாள்.

ஆதம்பாவா அவளுடைய உம்மாவின் வழியில் வந்த மூத்தவர், பூட்டனுக்கும் மேலே. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். ஆதம்பாவாவும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, அங்கிருந்துதான் கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறியிருக்கிறார். பிறகு பதக்கம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவருடைய மனைவியிடம் போய், மாப்பிள்ளை மௌத்தாகிவிட்டார், வெள்ளை உடுத்து விதவைகள் இருக்கிற இத்தா இருக்க வேண்டும் என்றார்கள்.

"அவ சொன்னாவாம், வெள்ளித் துண்டுக்கு நான் இத்தா இரிக்கவா எண்டு. மையத்தக் காட்டுங்க, இரிக்கன் எண்டாவாம். கடைசி மட்டும் அவ வெள்ளை உடுத்தல்ல. கலர்ச் சீலையோடதான் மௌத்தானாவாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்தம் ஓதும்போது இறந்தவர்களின் பேரெல்லாம் சொல்வார்கள். ஆதம்பாவாவின் பேரை மட்டும் சொல்ல மாட்டார்கள். தாயிலிருந்து மகளுக்கு அது கட்டளை. வீட்டில் பிறந்த ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் நடக்கிற வரைக்கும் அந்தப் பதக்கத்தை இடுப்பில் கட்டுவார்கள். மாப்பிள்ளையாக வருகிறவர் முதல்முறை கடலுக்குப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவார்.

"எங்கட ஊட்டு ஆம்பிளை ஒருத்தரையும் கடல் எடுத்ததில்ல ஹாஜியார். சுனாமியில கூட எடுக்கல்ல. ஏனெண்டா முதல் ஆளயே மௌத்தெண்டு நாங்க கடலுக்குக் குடுக்கல்ல. கணக்கத் துவங்க விடல்ல. நீங்க பேரச் சொல்லிக் குடுத்திட்டீங்க."

மார்க்கப்படி இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய மாப்பிள்ளை றியாஸும் இன்னும் மூன்று பேரும் பலநாள் படகில் போயிருக்கிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. பக்கத்தில் எங்கோ நின்ற இன்னொரு படகுக்கு அவர்களுடைய குரல் ரேடியோவில் மெல்லியதாக வந்துகொண்டிருந்ததாம். இழுபடுகிறோம், தண்ணீர் குறைகிறது, வாருங்கள் என்று. வியாழக்கிழமை பின்னேரத்தோடு அந்தக் குரல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் எழும்பிப் போய்ப் பதக்கத்தை எடுத்து வந்து நீட்டினேன். "இந்தா புள்ள, கொண்டு போ. இது உங்கட சாமான்."

அவள் கையை நீட்டவில்லை. "இது எப்பிடி எங்கட அலுமாரியில இரிந்து களவு போனதெண்டு தெரியா. இப்ப இத வெச்சி என்ன செய்ய? பேரத் திருப்பி எடுங்க. அதுதான் வேணும்."

களவு போகவில்லை, உன்னுடைய மாப்பிள்ளையேதான் உருக்கச் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல வாய் வந்தது. தவராசா சொன்ன தாடிக்காரத் தம்பி யாரென்று அப்போதுதான் எனக்கு விளங்கியிருந்தது. மாப்பிள்ளை கடலில் கிடக்கும்போது அதை அவளிடம் எப்படிச் சொல்வது? நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நாக்கைக் கடித்துக்கொண்ட இடங்கள் குறைவு.

வெள்ளைத் துணி

மௌலவியிடம் போனேன். என் மகன் வயதுதான் இருக்கும், ஆனால் பொறுமையான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓதி ஒருத்தரும் மௌத்தாகிறதில்ல ஹாஜியார். ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்ட கையில. உங்களுக்கு இது தெரியாதா?" என்றார்.

"எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கி என்ன சொல்ல?"

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். "இப்ப ஒண்டும் சொல்லாதீங்க. அந்தப் புள்ளைக்கி இப்ப மார்க்கம் வேணாம், மாப்பிள்ளைதான் வேணும். போய்ச் சும்மா இரிந்திட்டு வாங்க."

பல்கீஸும் நானும் நஸீரா வீட்டுக்குப் போனோம். கடற்கரைப் பக்கம், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. பெண்கள் நிறைந்திருந்தார்கள். கதிரையொன்றின் மேல் மடித்தபடி புது வெள்ளைச் சீலை. றியாஸின் ராத்தா, அவனுக்கு மூத்தவள், கொண்டு வந்து வைத்ததாம். ஒருவரும் அதைத் தொடவில்லை, அந்தக் கதிரையில் இருக்கவுமில்லை. நஸீரா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சளில் பெரிய பெரிய பூப்போட்ட சட்டை உடுத்திருந்தாள். அவள் வேண்டுமென்றே அதை உடுத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கிற்று. என் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நாங்கள் எழும்பும்போது நஸீரா என்னிடம், "திருப்பி எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "துஆ செய்யிறன்" என்றேன்.

செய்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் செய்தேன். அதற்குள் எங்கள் வீட்டில் அந்தக் கரி மணம் விறாந்தையிலிருந்து ஹோலுக்கு வந்து, பதக்கப் பெட்டிக்குப் பக்கத்து மூலையில் நிலையாக நின்றுவிட்டது. பல்கீஸ் அந்த மூலையைக் கூட்டுவதை நிறுத்தினாள். கேட்டதற்கு, "ஆள் இரிக்கக்குள்ள அவர்ட காலடியக் கூட்ட ஏலுமா?" என்றாள். நான் ஏசவில்லை.

றியாஸ்

ஒரு நாள் மத்தியானம் லுஹர் நேரம் ஊரே தெருவில் இறங்கிற்று. வேறொரு நாட்டு மீன்பிடிக் கப்பல் நாலு பேரையும் உயிரோடு தூக்கியிருக்கிறதாம். கிழக்கே வெகுதூரம் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். சாய்ந்தமருதில் பட்டாசு கொளுத்தினார்கள். நான் பள்ளிவாசலுக்குள் போய் ஸுஜூதில் விழுந்தவன் எழும்ப நேரமெடுத்தது.

ஏதோ ஒரு தீவில் வைத்திருந்து, ஆறுதலாகத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். வந்து ஒரு கிழமைக்குள் றியாஸும் நஸீராவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பகல்தான், நல்ல வெயில். றியாஸின் சட்டை தோளில் தொங்கியது. முகத்துத் தோல் உரிந்து புள்ளி புள்ளியாக இருந்தது. நஸீரா என்னைக் குற்றம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம் என்றான். ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை என்று அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பதக்கத்த உருக்கக் குடுத்தது நான்தான் ஹாஜியார்" என்றான். "இவக்கும் சொல்லிட்டன். இடுப்பில கட்டுறது, தொட்டுட்டுப் போறது, எல்லாம் அல்லாஹ்வுக்கு இணை வைக்கிற ஷிர்க். புள்ளைக்கிக் கட்டப் போனாங்க, நான் எடுத்துக் கொண்டு போய்க் குடுத்திட்டு அடுத்த நாள் கடலுக்குப் போனன். இப்பயும் அது ஷிர்க்தான். அதில மாத்தமில்ல."

"சரி தம்பி."

"ஒண்டு கேக்கோணும். அண்டைக்கி எத்தின மணிக்கு ஓதினீங்க?"

"மஃரிபு தொழுதிட்டு. ஏன்?"

அவன் தாடியைத் தடவிக்கொண்டான். தாகத்திலும் வெயிலிலும் மூளை எதையும் காட்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்தான். பிறகு சொன்னான்.

"நாங்க நாலு பேர். எஞ்சின் நிண்ட அண்டையிலயிருந்து முன்னுக்கு அணியத்துல ஒராள் இரிந்தார். முதுகுதான் தெரியும். மேலெல்லாம் கரி. கிட்டப் போனா கரிப்புகை மணம் ஒண்டு அடிக்கும். எனக்கு மட்டும்தான் தெரியிற எண்டு நெனச்சி நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. கரைக்கு வந்த பொறகுதான் தெரியும், நாலு பேரும் கண்டிரிக்கம். நாலு பேரும் அந்தப் பக்கம் கால் நீட்டாமத்தான் படுத்திரிக்கம்."

பல்கீஸின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"வியாழக்கிழமை சூரியன் படுற நேரம், ரேடியோ பட்டரியும் செத்துப் போச்சு. எல்லாம் முடிஞ்சுதெண்டு நான் கலிமாச் சொல்லிக்கொண்டு கிடந்தன். அந்த ஆள் எழும்பித் திரும்பினார். அவருக்கு முகம் இல்ல ஹாஜியார். தலை இரிக்கி, கழுத்து இரிக்கி, முகம் தேஞ்சி வழுவழுவெண்டு கிடக்கு. வாய் இல்லாம எப்பிடிக் கதைச்சாரெண்டு தெரியா. 'பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க தம்பி, நான் ஊருக்குப் போறன்' எண்டார். போயிட்டார். அதுக்குப் பொறகு மழை கொட்டிச்சி. அந்தத் தண்ணியிலதான் நாங்க நாலு பேரும் தப்பின."

வெளியே மீன்காரனின் ஹோர்ன் சத்தம் கேட்டு, தூரப் போயிற்று.

நஸீராதான் முதலில் வாயைத் திறந்தாள். "போறன் எண்டவர் எங்க போனார்? எங்கட ஊட்டுக்கு வரல்ல. நானும் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்."

நான் தரையைப் பார்த்தேன். மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பல்கீஸால் முடியவில்லை. கரி மணம், குழாயடிச் சத்தம், கூட்டாமல் விட்ட மூலை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். "எங்களுக்கு ஒரு கரைச்சலும் குடுக்கல்ல புள்ள. சும்மா இரிக்கார். அதுதான் பாவமாக் கிடக்கு" என்றாள்.

"கூப்பிட்ட ஊட்டுக்குத்தானே வருவார்" என்றாள் நஸீரா. "எங்கட ஊட்டுல அவர ஒருத்தரும் கூப்பிடல்லயே. இத்தின தலைமுறையா ஒருத்தரும் கூப்பிடல்ல." அதைச் சொன்னபோதுதான் அது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மாப்பிள்ளை காணாமல் போன நாட்களில் கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நான் பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தேன். இந்தமுறை யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல் நின்றேன். றியாஸ் எழும்பி வந்து கையை நீட்டினான். வாங்கி, ஓரத்துப் பேரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நஸீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர்கள் முன் நிற்கும்போது செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடினாள். பிறகு எங்கள் வெறும் மூலையைப் பார்த்து, பக்குவமாக, மெதுவாக, "மூத்தாப்பா, எழும்புங்க. ஊட்டுக்குப் போவம்" என்றாள்.

நான் றியாஸைப் பார்த்தேன். இது ஷிர்க் என்று சொல்லி அவளைத் தடுப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் வாசலில் நின்றிருந்தான். நஸீரா அவனைத் தாண்டி வெளியே இறங்கினாள். அவன் அவளுக்குப் பின்னால் உடனே இறங்கவில்லை. இன்னோர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்து ஒதுங்கி நின்றான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவனும் இறங்கினான்.